இரவல் மதிப்பும் இரட்டைப் பொய்யாடையும்

பிறர் உள்ளங்களில் இடம்பிடிக்க வேண்டும் என்னும் வேட்கைக்கு அரபுமொழி அறிஞர்கள் ‘ஜாஹ்’ என்று பெயரிட்டனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ பெருநூலில் இந்த வேட்கைக்கும் முகஸ்துதிக்கும் சேர்த்து ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கியுள்ளார்கள். செல்வம் என்பது பொருள்களை உடைமையாக்கிக்கொள்வது. ஜாஹ் என்பது உள்ளங்களை உடைமையாக்கிக்கொள்வது என்பது அவர்களது விளக்கத்தின் சாரம். செல்வம் களவுபோகும், உள்ளங்களில் பெற்ற இடத்தைக் கள்வன் கவர இயலாது. ஆகவேதான் மனிதன் பொருளைவிட இதனைப் பெரிதும் நேசிக்கிறான் என்று அவர்கள் காரணமும் காட்டுகிறார்கள்.

ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த விளக்கம், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைக் களமாகக் கொண்ட நகைச்சுவைக் காதல் கதைகளுக்கு அப்படியே பொருந்துகிறது. அக்கதைகளில் மாணவர் சமூகம் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று பிளவுபட்டிருக்கும். கீழே இருக்கும் ஒருவர், மேலே இருக்கும் ஒருவரின் காதலராக நடித்து உயர முயல்வார். 1987இல் வெளிவந்த ‘கேன்ட் பை மீ லவ்’ படத்தில் ஒரு மாணவன், பள்ளியின் புகழ்பெற்ற மாணவிக்கு ஆயிரம் டாலர் கொடுத்து ஒரு மாத காலம் தன் காதலியாக நடிக்கச் சொல்கிறான். 2018இல் வந்த ‘டு ஆல் தி பாய்ஸ் ஐ’வ் லவ்டு பிஃபோர்’ படத்தில் இருவர் ஒப்பந்தமே எழுதிக்கொண்டு காதலர்களாக நடிக்கிறார்கள். பொய்யில் தொடங்கிய உறவு மெய்யாக முடியும், பார்ப்பவர்கள் மகிழ்வார்கள்.

இந்த வார்ப்பில் ஒரு தமிழ்ப் பெண்ணை நிறுத்திய தொடர் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’. மிண்டி கேலிங்கும் லாங் ஃபிஷரும் உருவாக்கிய இது, 2020 ஏப்ரல் முதல் 2023 ஜூன் வரை நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் நான்கு பருவங்களாக, நாற்பது பகுதிகளில் வெளியாயிற்று. கேலிங்கின் தந்தை தமிழர். நாயகி தேவி விஸ்வகுமாராக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், கனடாவில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண். 15,000 பேர் பங்கேற்ற தேர்வில் தெரிவு செய்யப்பட்டவர். தமிழ்க் குடும்பம் ஒன்று இத்தகைய அமெரிக்கத் தொடரின் நடுவில் அமர்ந்தது பலருக்குப் பெருமிதம் தந்தது. நமக்கோ அதைவிட முக்கியமான வேறொரு கேள்வி அதில் இருக்கிறது.

கதை ஒரு பிரார்த்தனையுடன் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் ஷெர்மன் ஓக்ஸில் வாழும் பதினைந்து வயது தேவி, பள்ளி ஆண்டின் தொடக்க நாளில் தன் வீட்டுத் தெய்வங்களின் முன் நின்று கேட்பவை: மதுவும் போதைப்பொருளும் புழங்கும் விருந்து ஒன்றுக்கு அழைப்பு, கைகளில் ரோமக் குறைவு, ஓர் ஆண் துணை. சிரிப்பு மூட்டும் காட்சிதான். ஆயினும் இப்பெண்ணின் தந்தை மோகன், அவள் இசைத்துக்கொண்டிருந்த பள்ளி நிகழ்ச்சியிலேயே மாரடைப்பால் இறந்தவர் என்பதும், அந்த அதிர்ச்சியில் அவள் மூன்று மாதம் கால்களின் இயக்கத்தை இழந்திருந்தாள் என்பதும் உடனே நமக்குச் சொல்லப்படுகின்றன. தந்தையை இழந்த குழந்தை இறைவனிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல், பிறர் கண்ணில் உயர்வதைக் கேட்கிறாள். துக்கத்தைத் தொட அஞ்சும் உள்ளம் புகழுக்குள் ஒளிந்துகொள்கிறது. தொடரின் மிக நுட்பமான உளவியல் இது. இதனைக் கண்டுகொள்ளாமல், ‘ஆண் பெண் கலப்பைக் காட்டும் ஆபாசக் கதை’ என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடும் விமர்சனம் பாதிக்கண் விமர்சனமே.

அடுத்து வருவது பொய். பள்ளியின் நீச்சல் வீரனும் எல்லாப் பெண்களின் கவனத்துக்கும் உரியவனுமான பாக்ஸ்டனிடம் தேவி நேரே சென்று தகாத உறவைக் கோருகிறாள். அவனும் இசைகிறான். ஆனால் அந்த வேளை வந்ததும் அஞ்சி விலகிவிடுகிறாள். அவளது இயல்பான நாணம் அவளைக் காத்துவிடுகிறது. ஆயினும் தோழியரிடம் அது நடந்ததாகவே சொல்கிறாள், பொய் பரவுகிறது, அவளுக்கு இதுவரை இல்லாத மதிப்பும் வருகிறது. தொடரின் தலைப்பும் இதற்குப் பொருத்தமானது. ‘நான் ஒருபோதும் செய்ததில்லை’ என்று ஒருவர் சொல்ல, செய்தவர்கள் அடையாளம் காட்டிக்கொள்ளும் இளைஞர் விளையாட்டின் பெயர் அது. செய்யாதவரே அங்கே வெட்கப்பட நேர்கிறது.

தம் பாவத்தை இறைவன் மறைத்திருக்க, தாமே அதை வெளியிட்டுத் திரிபவர்களை அண்ணலார் (ஸல்) கடுமையாக எச்சரித்துள்ளார்கள். இறைவன் போர்த்திய திரையைக் கிழிப்பவர்கள் என்பது அவர்களின் நிலை. தேவியோ ஒரு படி மேலே செல்கிறாள். செய்த பாவத்தை விளம்பரப்படுத்துவோரை உலகம் கண்டிருக்கிறது. இவள் செய்யாத பாவத்தை விளம்பரப்படுத்துகிறாள். தன்மீது தானே அவதூறு கூறிக்கொள்வது புகழுக்கு வழியாகும் சமூகம் ஒன்றைத் தொடர் நம்முன் காட்டுகிறது. நகைச்சுவைக்குள் இருக்கும் அவலம் இதுதான்.

இந்த நிலைக்கு மிக நெருங்கிய ஒரு நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அறிவிக்கிறார்கள்: ஒரு பெண்மணி நபியவர்களிடம் வந்து, தமக்கு ஒரு சக்களத்தி இருப்பதாகவும், கணவர் தராததைத் தந்ததாக அவளிடம் காட்டிக்கொண்டால் குற்றமாகுமா என்றும் கேட்டார். கிடைக்காததைக் கிடைத்ததாகக் காட்டிக்கொள்பவர் பொய்யின் இரண்டு ஆடைகளை உடுத்தவரைப் போன்றவர் என்ற கருத்தில் அண்ணலார் (ஸல்) மறுமொழி கூறினார்கள். போட்டியாளரின் முன் ஓர் ஆணின் அன்பைப் பெற்றவளாக நடிப்பது குறித்த கேள்விதான் இது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் மதீனாவில் எழுந்த கேள்வியை ஷெர்மன் ஓக்ஸ் பள்ளி நடைக்கூடம் மீண்டும் எழுப்புகிறது.

நபிமொழியில் வரும் ‘முதஷப்பிஃ’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘ஷபிஅ’ என்றால் வயிறு நிறைந்தது. பசியோடிருந்துகொண்டே உண்டு நிறைந்தவராகக் காட்டிக்கொள்பவரே ‘முதஷப்பிஃ’. நடிப்பால் பசி தீராது; உணவு கேட்கும் வாய்ப்பையும் அது அடைத்துவிடும். தேவிக்கு நேர்வது இதுவே. பாக்ஸ்டனின் காதுக்குப் பொய் எட்டியதும் அவன் சினமுறுகிறான். மெல்ல அரும்பிய நட்பும் கசக்கிறது. இரண்டு ஆடைகள் என்பதற்கு உரையாசிரியர்கள் பல விளக்கங்கள் தருகிறார்கள். சட்டையின் கையினுள் இன்னொரு கையைத் தைத்து, இரண்டு சட்டை அணிந்தவராகத் தோற்றம் காட்டுவது அவற்றுள் ஒன்று. பட்டு நெசவே பிழைப்பான ஆரணியில் வாழும் நமக்கு இவ்விளக்கம் எளிதில் விளங்கும். வெள்ளியிழையில் பொன்முலாம் ஏற்றிய ஜரிகையும், செம்பில் மெருகேற்றிய போலி ஜரிகையும் கடைவிளக்கின் கீழ் ஒன்றுபோலவே மின்னும். சுரண்டிப் பார்க்கும்போதும் ஆண்டுகள் சில கழியும்போதும்தான் எது எதுவென்று தெரியும். போலி ஜரிகையை விற்பது குற்றமன்று. அசல் என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

இங்கே தமிழ்த் திரையின் போக்கையும் ஒப்பிடுவது பயன் தரும். நம் திரையில் பள்ளிப் பருவக் காதல் உண்டு. ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘துள்ளுவதோ இளமை’ (2002), ‘காதல்’ (2004) எனப் பட்டியல் நீளும். ஆனால் புகழுக்காகக் காதலிப்பதாக நடிக்கும் பள்ளிக் கதை இங்கே வேரூன்றவில்லை. ‘காதல்’ படத்தில் பள்ளி மாணவி ஒருத்தியின் காதல் ஓட்டத்திலும் வன்முறையிலும் முடிந்து, அவளை நேசித்தவனைப் பித்தனாக்கித் தெருவில் விடுகிறது. காதல் என்ற பெயரே உயிருக்கு உலை வைக்கும் இடத்தில், அதைப் பொய்யாகச் சொல்லிக்கொள்வது நகைச்சுவையாக முடியாது. நடிப்புறவு தமிழில் வந்தபோது அதன் நோக்கமும் வேறாயிற்று. விக்ரமனின் ‘பூவே உனக்காக’ (1996) படத்தில் இருவர் கணவன் மனைவியாக நடிப்பது, மதம் கடந்த திருமணம் ஒன்றால் பகைகொண்ட இந்து, கிறித்தவக் குடும்பங்களை இணைப்பதற்காக. மக்களிடையே இணக்கம் ஏற்படுத்துவதற்காக நல்லதைச் சொல்பவர் பொய்யரல்லர் என்ற நபிமொழியின் ஒளியில் பார்த்தால், தேவியின் நடிப்புக்கும் அந்த நடிப்புக்கும் உள்ள தூரம் புலனாகும். அங்கே நடித்தவர்கள் தமக்கென ஏதும் கேட்கவில்லை. இங்கே மதிப்பு தேவிக்கு, அவள் பொய்யில் இழுபடும் பெயரோ பாக்ஸ்டனுடையது.

இரண்டாம் பருவத்தில் (2021) அனீசா குரேஷி என்ற முஸ்லிம் மாணவி பள்ளிக்கு வருகிறாள். அழகும் இனிமையும் உடையவள், எல்லோருக்கும் பிடித்துப்போகிறாள். பொறாமை கொண்ட தேவி, அவளுக்கு உணவை வெறுக்கும் நோய் இருப்பதாக ஒரு பேச்சை விட்டெறிகிறாள். பேச்சு பள்ளியெங்கும் பரவுகிறது. அனீசா உண்மையிலேயே அந்நோயால் துன்புற்றவள் என்பதும், அதனாலேயே பழைய பள்ளியை விட்டு வந்தவள் என்பதும் பின்னரே தெரிகின்றன. தேவி ‘உண்மையைத்தானே சொன்னேன்’ என்றும் தப்ப முடியாது. ‘பொய்தானே சொன்னேன்’ என்றும் தப்ப முடியாது. ஒருவரிடம் உள்ள குறையை அவர் இல்லாதபோது பேசுவது புறம், இல்லாததைச் சொல்வது அவதூறு என்று அண்ணலார் (ஸல்) வகுத்துக் காட்டிய இரு வாயில்களும் இந்த ஒரு நிகழ்ச்சியில் ஒன்றாகின்றன. தேவி தன் தவற்றை அனீசாவிடமே ஒப்புக்கொள்ள நேர்வது தொடரின் உயர்ந்த பகுதிகளில் ஒன்று. மனிதருக்கு இழைத்த தீங்குக்கு இறைவனிடம் மட்டும் தவ்பா செய்தால் போதாது, அம்மனிதரிடமும் பொறுப்புத் தேட வேண்டும் என்ற நம் ஃபிக்ஹ் நூல்களின் விதியைத் தொடர் தன் வழியில் தொட்டுவிடுகிறது.

குறைகளும் உண்டு. அனீசாவின் இஸ்லாம் பெயரளவில் நின்றுவிடுகிறது. அவளது மார்க்கம் அவளது முடிவுகள் எதையும் தீர்மானிப்பதில்லை. மூன்றாம் பருவத்தில் கதை அவளை இட்டுச்செல்லும் வழியும் நமக்கு உடன்பாடானதன்று. முதற்பருவத்தின் விநாயகர் பூசைப் பகுதியில், முஸ்லிம் ஒருவரை மணந்து பின் மணவிலக்குப் பெற்ற பெண்ணைச் சமூகத்தார் ஒதுக்கிவைக்கும் காட்சி வருகிறது. அந்த வெறுப்பைக் காட்டும் தொடர், அதனை விசாரிக்காமலே கடந்துவிடுகிறது. எல்லாவற்றிலும் பெரிய குறை, நோயைச் சரியாகக் கண்டறிந்த தொடர் மருந்தில் தடுமாறுவது. ‘உன்னை நீயே நேசித்தால் பிறர் மதிப்பைத் தேட மாட்டாய்’ என்பது அது தரும் தீர்வு. தன்னையே அளவுகோலாக்கிக்கொண்ட மனம் பிறர் பார்வையிலிருந்து எவ்வளவு காலம் விலகி நிற்கும்? இறைவன் காண்கிறான் என்ற உணர்வாகிய இஹ்சானை கஸ்ஸாலி போன்றோர் மருந்தாக வைத்ததன் காரணம் இங்கே விளங்குகிறது. மெய்யான பார்வை ஒன்று நம்மேல் எப்போதும் இருக்கிறது என்று அறிந்தவருக்கே பிறர் பார்வை இரண்டாம் பட்சமாகும்.

இத்தொடர் நம்மிடம் எழுப்பும் கேள்விக்கு இப்போது வருவோம். ஷெர்மன் ஓக்ஸில் ஒரு பெண்ணை உயர்த்திய அதே வதந்தி ஆரணியில் ஒரு பெண்ணைப் பற்றிப் பரவினால் என்ன ஆகும்? அங்கே கைதட்டல், இங்கே படிப்பு நிற்கும், அவசரத் திருமணம் நடக்கும், தங்கைகளின் வரன்களும் தட்டிப்போகும். வதந்தியில் பெயர் அடிபட்ட பையனோ மறுநாளும் பள்ளிக்குப் போவான். தறிச் சத்தத்தை மீறி ஒரு வீட்டின் செய்தி அடுத்த தெருவுக்குப் போய்ச்சேர அரை நாள் போதும். கைப்பேசி வந்த பிறகு அந்த அரை நாளும் தேவையில்லை. மேலைநாட்டுப் பெண் தன் மானத்தைத் தானே விற்கிறாள் என்று கண்டிக்கும் நாம், நம் பெண்களின் மானத்தை அவர்களைக் கேட்காமலே தெருவில் வைத்துப் பேசுகிறோம்.

மானம் பற்றிய அக்கறை நம் மார்க்கத்தில் சட்டமாகவே இருக்கிறது. கற்புள்ள பெண்மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு எண்பது கசையடி என்றும், அவரது சாட்சியம் ஏற்கப்படாது என்றும் ‘அந்நூர்’ அத்தியாயம் விதிக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) மீது நயவஞ்சகர்கள் கட்டிய பழி ஏறத்தாழ ஒரு மாதம் மதீனாவில் உலவியபோது, அதை நாவிலிருந்து நாவுக்கு மாற்றியவர்களில் உண்மையான முஸ்லிம்களும் சிலர் இருந்தார்கள். அவர்களை இறைவன் கண்டித்தது, அறியாத ஒன்றை வாயால் சொன்னதற்காகவும், அதனை அற்பமாகக் கருதியதற்காகவும். அந்நாளில் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) தம் மனைவியிடம், நீ அப்படிச் செய்வாயா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். ஆயிஷா உன்னிலும் சிறந்தவராயிற்றே என்று முடித்தார் அபூ அய்யூப். கேட்டவுடன் நல்லெண்ணம் கொண்டிருக்கக் கூடாதா என்று குர்ஆன் கேட்கும் கேள்விக்கு ஒரு வீட்டுக்குள்ளிருந்து கிடைத்த விடை அது.

‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரை நம் பிள்ளைகள் பார்க்கலாமா, கூடாதா என்ற விவாதம் நம்மிடையே எழக்கூடும். அதன் காட்சிகள் பல நம் வீட்டுக்கு ஏற்றவையல்ல என்பதில் ஐயமில்லை. ஆனால் தடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. தந்தையை இழந்த துயரைச் சொல்ல ஆளில்லாத சிறுமி பொய்யான புகழுக்குள் ஒளிந்தாள் என்பதைக் கண்டவர்கள், தம் வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பசியை எந்த நடிப்பால் மூடுகிறார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்டதை வெளியே கொண்டுபோகாமல் காக்கவும் வேண்டும். அபூ அய்யூபின் வீட்டில் நடந்த அந்தச் சிறு உரையாடல் நம் வீடுகளிலும் நடக்குமாயின், எந்தப் பிள்ளைக்கும் பொய்யின் இரண்டு ஆடைகள் தேவைப்படா.