சிவப்பிரகாசத்து அவையடக்கமும் தன்னறிவும்

உமாபதி சிவாசாரியர் அருளிய சிவப்பிரகாசத்தின் பாயிரத்தில் வரும் அவையடக்கச் செய்யுள், அவ்வகைச் செய்யுள்களின் பொதுவியல்பினின்றும் வேறுபட்டது. வல்லமையின்றிக் கூறினும் திருத்திக் கொள்க என்று அவையினரைப் பணிந்து வேண்டுதலே தொல்காப்பியச் செய்யுளியல் காட்டும் மரபு. இவ்வாசிரியரோ தம் குறையைப் பேசாது, நூலை ஏற்பாரின் அறிவையே ஆராயப் புகுகின்றார். பழையது என்பதனால் மட்டும் ஒரு நூல் நன்றாகாது. இன்று தோன்றிற்று என்பதனால் மட்டும் தீதாகாது என்பது அவர் துணிபு. இதனைப் புதுமைக்குப் பரிந்துரைத்தது என்று கொள்வாரும் உளராகலாம். அது பொருந்தாது, செய்யுளின் உயிர்நிலை அதன் பிற்பகுதியிலேயே உளது.

ஆண்டு மூவகையார் கூறப்படுகின்றனர். பொதிந்த துணியின் மாசினை மணியின் மாசென எண்ணாது உள்ளிருக்கும் உண்மையை விரும்புவோர் தலையாயோர். பழமையும் அழகும் ஆராய்ந்து கொள்வோர் இடைப்பட்டோர். பலர் புகழ்ந்தால் தாமும் புகழ்ந்து, பிறர் இகழ்ந்தால் தாமும் இகழ்ந்து, தம்முடையதென்று சொல்லத்தக்க துணிபு யாதும் இல்லாதார் கடைப்பட்டோர்.

இக்கருத்தோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது காளிதாசர் இயற்றிய மாளவிகாக்கினிமித்திர நாடகத்தின் முன்னுரை. பாசர், சௌமில்லர், கவிபுத்திரர் முதலிய புகழ்பெற்றோர் நாடகங்கள் இருக்க, இக்காலத்துக் கவியின் நாடகத்தை ஆடுவது ஏன் என்னும் வினாவிற்குச் சூத்திரதாரன் ஏறக்குறைய இவ்விடையையே தருகின்றான். ஆயினும் ஆண்டுள்ள பாகுபாடு ஆராய்ந்து கொள்வார், பிறர் துணிபின் வழிச் செல்வார் என்னும் இரண்டே. உமாபதி சிவனார் ஆராய்வாருள்ளும் புறத்தழகில் நிற்பாரைப் பிரித்து இடையில் வைத்தமையால், ஆராய்தல் மட்டும் அமையாது, எதனை ஆராய்வது என்பதும் வேண்டும் என்பது பெறப்படும். நாடகத்திற் பிழைபடுவது சுவை. மெய்ந்நூலிற் பிழைபடுவது உயிரின் உறுதி. ஆதலின் பாகுபாடு நுண்ணிதாயிற்று.

கடைப்பட்டார் தீயதையே புகழ்வர் என்று ஆசிரியர் கூறாமை நோக்கத்தக்கது. அவர் புகழ்வது ஒருகால் மெய்ந்நூலாகவே இருத்தலும் கூடும். அப்பொழுதும் அப்புகழ்ச்சி அவருடையது அன்று. நாளை பலர் மாறின் அதுவும் மாறும். உண்மையைச் சொல்லியும் உண்மையை உடையராகாத இந்நிலையே இரங்கத்தக்கது.

சிவப்பிரகாசம் சார்புநூல், தன்னறிவுக்கு அதனுள் இடம் யாது எனின், கூறுதும். சிவஞானபோதத்தையும் சிவஞானசித்தியாரையும் விரும்பி நோக்கியே நூல் செய்தமையை ஆசிரியர் முந்திய செய்யுளில் உரைக்கின்றார். சார்புநூல் முன்னூல்களோடு ஒருபுடை ஒத்து, வேறுபாடும் உடையதாம் என்பது நன்னூலார் கருத்து. எனவே வழிபாடும் தன்னறிவும் முரணும் என்பது மரபுக்கு உடன்பாடன்று. முன்னோர் நூலைத் தன் அறிவால் மீண்டும் உணர்ந்தவனே அதற்குச் சார்பாக ஒன்று செய்ய வல்லன். உணராதவன் செய்வது படியெடுத்தலே.

இதற்கு ஆசிரியரின் பிறிதொரு நூலே சான்று. சகம் 1235, அஃதாவது கி.பி. 1313-இல் தோன்றிய சங்கற்பநிராகரணத்தில் மறுக்கப்படும் ஒன்பது கொள்கைகளுள் மாயாவாதத்தோடு சைவவாதமும் ஒன்று. சைவம் என்னும் பெயர் தாங்கியது பற்றி அவர் அதனைத் தேராது விட்டிலர். அயலாரை மறுத்தல் எவர்க்கும் எளிது. தம்மவர் என நிற்பாரிடத்தும் அதே அளவுகோலைக் கொள்ளுதல் மனச்சான்று உடையார்க்கே இயலும்.

இனி, உமாபதி சிவனார் கூறினார் என்பது ஒன்றே பற்றி இச்செய்யுளை மெய்யெனப் போற்றுவோர், அச்செய்யுள் வகுத்த மூன்றாம் வரிசையிலேயே நிற்பர். அதனை ஆராய்ந்து கொள்வாரே அதற்கு உடன்பட்டாராவர். தன்னை ஏற்பாரையும் சோதித்தே ஏற்குமாறு ஒரு பாயிரம் அமைந்திருத்தல் அந்நூலுக்குப் பெருமை. அச்சோதனைக்கு உட்படுதல் கற்பார் கடன் என்க.