திரையில் சுழலும் இரைப்பை

செரிமான மண்டலத்தைப் பாடநூலின் தட்டைப் படத்தில் மட்டும் படித்த மாணவரிடம் கணையம் எங்கே என்று கேட்டால், இரைப்பைக்குக் கீழே என்பார். படம் அப்படித்தான் காட்டுகிறது. உண்மையில் அது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னே குறுக்காகக் கிடக்கிறது. கைப்பேசியில் விரலால் திருப்பிப் பார்க்கும் முப்பரிமாண மாதிரிகள் இந்தக் குழப்பத்தை ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலேயே க்யூஆர் குறியீடும் இணையச் செயல்பாடும் வந்துவிட்டன. இந்த மாதிரிகள் எதைக் கற்றுத்தரும், எதைத் தராது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

எது எங்கே இருக்கிறது, எதோடு இணைகிறது என்பதைக் காட்டுவதில் புத்தகம் மாதிரியோடு போட்டி போட முடியாது. கல்லீரலைத் தொட்டு மறைத்தால் பித்தப்பை முழுதாகத் தெரியும். பித்தநாளம் கீழிறங்கி, கணையத்தின் தலைப்பகுதியை ஒட்டிச் சென்று, கணைய நாளத்தோடு சேர்ந்து முன்சிறுகுடலில் திறப்பதைப் பின்தொடரலாம். பித்தப்பைக் கல் அந்த முனையில் சிக்கினால் மஞ்சள் காமாலையும் வரலாம், கணைய அழற்சியும் வரலாம். ஒரே கல் இரண்டு உறுப்புகளை எப்படிப் படுத்துகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடுகிறது.

குறைகள் அந்த மறைத்துக்காட்டலிலேயே தொடங்குகின்றன. படம் துலங்க வேண்டும் என்று பல மாதிரிகளில் முதலில் நீக்கப்படுவது மெசென்டரி. குடலை வயிற்றின் பின்சுவரோடு பிணைத்து, ரத்தக் குழாய்களையும் தாங்கிவரும் இந்த மடிப்பு தொடர்ச்சியான ஒரே அமைப்பு என்று அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்வின் காஃபி 2016-இல் வலியுறுத்தினார். அதை எடுத்துவிட்டால் குடல் அந்தரத்தில் நிற்கிறது. குடல் முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் ஏன் தடைபடுகிறது என்பது மாணவருக்குப் பிடிபடாது.

மேலும், மாதிரி காட்டுவது ஒரே உடலை. அமெரிக்க உடற்கூறியலாளர் மைக்கேல்ஸ் 200 சடலங்களை ஆராய்ந்தபோது, கல்லீரல் தமனி நூலில் உள்ளபடி இருந்தது சுமார் 55 சதவீதத்தில்தான். அறுவை சிகிச்சை செய்யப் போகிறவருக்கு மீதி 45-ம் தெரிந்திருக்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய குறை உடலியங்கியலில் இருக்கிறது. அசைபடத்தில் கவளம் அரை நிமிடத்தில் மலக்குடலை எட்டிவிடும். நிஜத்தில் திட உணவு இரைப்பையிலேயே சில மணி நேரம் தங்கும். பெருங்குடலைக் கடக்க ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஹார்மோன்களோ கண்ணில் படாதவை. 1902-இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் ஒரு நாயின் சிறுகுடல் பகுதிக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு, அங்கே அமிலத்தைச் செலுத்தினார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. செக்ரிடின் என்ற ஹார்மோன் கண்டறியப்பட்டது அப்படித்தான். உறுப்பை எந்தக் கோணத்தில் சுழற்றினாலும் இந்த உண்மை வெளிப்படாது.

ஆகவே விடுபடுவதைச் சுட்டிக்காட்டினால் உடற்கூறியலுக்கு மாதிரியை நம்பலாம்; உடலியங்கியலை அதன் பொறுப்பில் விடக்கூடாது. ஸ்டார்ச் கரைசலில் உமிழ்நீர் சேர்த்து, சற்று நேரம் கழித்து அயோடின் விட்டால் கருநீலம் தோன்றாது. உமிழ்நீரைக் கொதிக்கவைத்து ஆறிய பின் சேர்த்தால் தோன்றும். நொதி என்றால் என்னவென்று புரியவைக்க இந்த இரண்டு சோதனைக் குழாய்கள் போதும். ஆசிரியர்கள் செயலியைக் காட்டி முடித்ததும் திரையை அணைத்துவிட்டு, பார்த்ததை மாணவர்களையே வரையச் சொல்லட்டும். பிறகு ஆய்வகத்துக்கு அழைத்துப் போகட்டும்.