அசைந்த குழந்தையைப் பாருங்கள்: ஜூலியா மார்கரெட் கேமரனை ரசிப்பது எப்படி?

ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெயர் வந்ததும் புகைப்படம் பற்றிப் பேசுகிறவர்கள் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெயருக்குத் தாவிவிடுகிறார்கள். புதிதாகக் கேமரா வாங்கிய இளைஞர்கள் அந்த அளவுக்குக்கூட நிற்பதில்லை. பழுப்பேறிய தாள், முக்காடிட்ட பெண், மடியில் குழந்தை, எல்லாமே மங்கல். தேவாலயக் காலண்டர் என்று முடிவுகட்டி நகர்ந்துவிடுகிறார்கள். பெரிய நஷ்டம் இது. தாய்மை, விசுவாசம், வீட்டுப் படம் மூன்றையும் ஒரே சட்டத்துக்குள் இவ்வளவு நேர்மையாகக் கொண்டுவந்தவர்கள் அவருக்குப் பின் வந்த நூற்றறுபது வருஷத்தில் மிகச் சிலர்தான். புதியவர்கள் விலகி நிற்பதற்கு அந்தப் படங்கள் மேல் பழி போடமுடியாது. எங்கே பார்க்கவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

முதலில் அடிப்படைகளை வேகமாக முடித்துவிடலாம். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர் ஜூலியா. 1838இல் சார்லஸ் ஹே கேமரனை மணந்தார். இலங்கைப் பள்ளிகளில் கோல்புரூக் - கேமரன் சீர்திருத்தம் படித்தவர்களுக்குத் தெரிந்த அதே கேமரன்தான். 1848இல் குடும்பம் இங்கிலாந்து போனது. 1860இல் வைட் தீவிலுள்ள ஃப்ரெஷ்வாட்டரில் வீடு வாங்கியது. இலங்கையில் தங்களுக்கிருந்த தோட்டத்தின் நினைவாக அந்த வீட்டுக்கு டிம்போலா என்று பெயர். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது ஜூலியாவுக்கு வயது 48. ஆறு பிள்ளைகளைப் பெற்று, சொந்தத்தில் ஆதரவற்றுப்போன பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தவர். நிலக்கரி போட்டுவைக்கும் அறை இருட்டறையானது, கோழிக்கூடு ஸ்டுடியோவானது. அடுத்த மாதமே ஆனி என்ற சிறுமியின் படம் நன்றாக வந்துவிட்டது. அதையே தன் முதல் வெற்றி என்று குறித்துவைத்தார். அதிலிருந்து சுமார் பத்துப் பதினைந்து வருஷம் அவர் எடுத்த படங்களில் இன்று ஏறக்குறைய 1,200 தெரியவந்திருக்கின்றன.

முறை, ஈரக் கொலோடியன். கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவி முடிக்கவேண்டும். பிறகு முட்டை வெண்கரு பூசிய தாளில் பிரிண்ட். வேதியியல் இவ்வளவு போதும்.

இனி விஷயத்துக்கு வரலாம். கேமரன் படங்கள் மங்கல் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த மங்கல் இரண்டு வகை என்று சொல்லித்தருகிறவர்கள் குறைவு. ஒன்று லென்ஸ் தருகிற மங்கல். மற்றது ஆள் அசைவதால் வருகிற மங்கல். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் கேமரனைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் அவர் இன்னும் படத்துக்குள் நுழையவில்லை என்றுதான் பொருள்.

லென்ஸ் மங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரன் பெரிய தகடு பயன்படுத்தினார். பிற்பாடு 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். அவ்வளவு பெரிய தகட்டில் முகத்தை நெருக்கமாக எடுத்தால், கூர்மையாக விழுகிற இடம் மெல்லிய பட்டைதான். காது மடலுக்கு ஃபோகஸ் இருந்தால் மூக்கு நுனிக்கு இருக்காது. சால்வையின் இழையை எண்ணலாம், கன்னம் மட்டும் பால்போல இளகியிருக்கும். இந்த மங்கல் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவும். கோடு இரண்டாகப் பிரியாது. ஃபோகஸை எங்கே நிறுத்துவது என்பது கேமரன் தெரிந்தே எடுத்த முடிவு. லென்ஸைத் திருப்பிக்கொண்டே போகையில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவேன், இன்னும் கூர்மைக்குப் போகமாட்டேன் என்ற பொருளில் தன் நினைவுக்குறிப்பிலேயே அவர் எழுதியிருக்கிறார்.

அசைவு மங்கல் வேறு ஜாதி. திரைபோட்டு அடக்கிய வெளிச்சம், பெரிய தகடு, மந்தமான ரசாயனம். அதனால் ஆள் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்கவேண்டும். பழகிய பெரியவர் இருந்துவிடுவார். இரண்டு வயதுக் குழந்தை இருக்குமா? கால் கட்டைவிரலை ஆட்டும், தலையைத் திருப்பும், அழுவதற்கு உதட்டைப் பிதுக்கும். அது அத்தனையும் தகட்டில் ஏறும். இந்த மங்கலுக்குத் திசை உண்டு. விளிம்பு இரட்டிக்கும், பாதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாதத்தின் நிழல் தெரியும், கண்மணி ஒரு பக்கமாகக் கரைந்திருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிற இரண்டு பொருள்களைத் தேடுங்கள். குழந்தையின் முழங்காலும் அதைப் பிடித்திருக்கும் விரல்களும் என்று வைத்துக்கொள்வோம். விரலின் மடிப்புக்கோடு தெரிகிறது, முழங்கால் கலைந்திருக்கிறது என்றால் லென்ஸ் மேல் குற்றமில்லை, குழந்தை உதைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தாற்போலக் கலைந்திருந்தால் துணியைப் பாருங்கள். துணி தானாக அசையாது. குழந்தைக்கு அடியில் கிடக்கும் மடிப்பு கூர்மையாகவும், குழந்தையைச் சுற்றிய மடிப்பு கலைந்தும் இருந்தால் அசைவுதான். எல்லாத் துணியும் ஒரே சீராக இளகியிருந்தால் லென்ஸ். இரண்டு மங்கலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த படங்களும் உண்டு. அவசரப்படாமல் சட்டத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வாருங்கள். ஓரத்தில் அசையாத சுவரோ திரையோ எப்படி விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதை அளவுகோலாக வைத்துக் குழந்தையை அளந்துவிடலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? லென்ஸ் மங்கல் கேமரன் வைத்த கையெழுத்து. அசைவு மங்கல் அந்தக் குழந்தை வைத்த கையெழுத்து. தேவமாதாவும் பாலகனும் என்று பேர்போட்ட படத்துக்குள், பேரைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு பிள்ளை கால் ஆட்டியிருக்கிறது. அதைக் கேமரன் அழிக்கவில்லை. தகட்டை உடைத்துப்போட்டு மறுபடி எடுத்தே தீருவேன் என்று நிற்கவுமில்லை. அவருடைய விசுவாசம் அந்த இடத்தில்தான் இருக்கிறது, முக்காட்டில் இல்லை.

அன்றைய விமர்சகர்களுக்கு இது புரியவில்லை. லண்டன் புகைப்பட இதழ்கள் அவருடைய துணிச்சலை ஒரு வரி பாராட்டிவிட்டு, தொழில் சுத்தமில்லை என்று பல வரி திட்டின. தானும் படமெடுத்தவரான லூயிஸ் கரோலுக்கும் அந்த ஃபோகஸ் பிடிக்கவில்லை. கூடவே நின்று கண்டித்தவர் ஹென்றி பீச் ராபின்சன். 1858இல் ஐந்து நெகட்டிவ்களை ஒட்டிச் சேர்த்து, சாகக் கிடக்கும் பெண்ணும் சுற்றி நிற்கும் குடும்பமும் என்று ஒரு படம் செய்து பெரும் புகழ் பெற்றவர் இவர். அந்தப் படத்தில் எல்லாம் கூர்மை, எல்லாம் அதனதன் இடத்தில். ஆனால் அந்த அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. துக்கத்தை அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள். ஆழமில்லாத படம் அது என்று தயங்காமல் சொல்லலாம்.

அதே காலத்துச் சாதாரண ஸ்டுடியோக்களின் வழக்கத்தையும் தெரிந்துகொண்டால் கேமரனின் துணிச்சல் விளங்கும். குழந்தை அசையக்கூடாது என்பதற்காகத் தாயை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு துணியைப் போர்த்தி மூடி, அவள் மடியில் குழந்தையை வைத்து எடுப்பார்கள். படத்தில் குழந்தை இருக்கும். அம்மா இருந்த இடத்தில் ஒரு துணிக்குவியல் இருக்கும். கேமரன் அந்தத் துணியை முகத்திலிருந்து விலக்கி முக்காடாகப் போட்டார். தாங்குகிற கை படத்தின் நடுவுக்கு வந்தது.

‘பக்தி’ என்ற 1865ஆம் வருஷப் படத்தைப் பொறுமையாகப் பார்க்கவேண்டும். கீழே குழந்தை கிடையாகத் தூங்குகிறது. மேலே முக்காடிட்ட பெண் அதன்மேல் குனிந்திருக்கிறாள். அவ்வளவுதான் படம். தூங்குவதால் குழந்தை அசையவில்லை. தூக்கத்தையே நம்பி கேமரன் தகட்டைத் திறந்திருக்கிறார். இதே படத்துக்கு இன்னொரு பேரும் அவர் எழுதினார்: இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆன என் பேரப்பிள்ளை. பேரன் ஆர்ச்சியின் வீட்டுப் படம்தான் ஜெபப் படமாகவும் இருக்கிறது. ஒன்றை மறைத்து மற்றதைக் காட்ட அவருக்குத் தோன்றவில்லை. கிருஷ்ண ஜெயந்திக்குப் பிள்ளைக்கு மயிற்பீலி செருகிப் படமெடுத்து வீட்டில் மாட்டியிருக்கும் குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

குனிந்திருக்கிற பெண் மேரி ஹில்லியர். வீட்டு வேலைக்கு வந்த உள்ளூர்ப் பெண். கல்யாணமாகாதவள், பதினெட்டு வயதுதான் இருக்கும். இந்த வேஷத்தையே திரும்பத் திரும்பப் போட்டதால் ஊரில் அவளை மேரி மடோனா என்றே அழைத்தார்கள். ஆவியின் கனிகள் ஒன்பது என்று விவிலியம் சொல்வதை வைத்து கேமரன் ஒன்பது படம் எடுத்து 1865இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். அதிலும் அவள்தான், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு. ஆக, இந்தத் தாய்மார் படங்கள் பலவற்றில் தாங்குகிறவள் பெற்றவள் அல்ல. ஊரார் பிள்ளைகளையும் வளர்த்த கேமரனுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

உங்களிடம் மட்டும் சொல்லவேண்டிய ஒரு கிளைக்கதையும் இருக்கிறது. பிச்சை எடுத்து வந்த ஐரிஷ் தாயின் மகள் மேரி ரயனையும் கேமரன் வீட்டில் வைத்து வளர்த்தார், படங்களில் நிறுத்தினார். அவளைக் கண்டு விரும்பி 1867இல் மணந்தவர் ஹென்றி காட்டன். 1904இல் பம்பாயில் இந்திய தேசிய காங்கிரஸுக்குத் தலைமை தாங்கிய அதே காட்டன்!

இப்போதுள்ள மோஸ்தர் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பிறந்து பத்து நாளான சிசுவைக் கூடையில் சுருட்டிவைத்து, பின்னணியைக் கைபேசியே மங்கலாக்கிக் கொடுக்கிற படங்களில் இரண்டு மங்கலுமே கிடையாது. அந்த மங்கலை யாரும் தீர்மானிக்கவில்லை, யாரும் அசைந்தும் உண்டாக்கவில்லை. கணக்குப்போட்டு ஒட்டிய மங்கல் அது. இன்னொரு கூட்டம் கேமரன் தகடுகளின் கீறலையும் விரல்ரேகையையும் பார்த்து உருகுகிறது. அதுவும் மேம்போக்குதான். கீறலை அவர் பொருட்படுத்தவில்லை. பார்க்கிறவரும் பொருட்படுத்தாமல் கடந்துபோகலாம்.

1873இல், கேமராவைக் கொடுத்த அந்த மகள் பிரசவத்தில் இறந்தார். 1875இல் கேமரன் தம்பதி இலங்கைக்கே போய்விட்டார்கள். அங்கே எடுத்தவற்றில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. வீட்டு வேலையாட்களும் தோட்டத்து ஆட்களும் அவற்றில் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து கடல்கடந்து போன தமிழர்கள். பேரனின் வயதை மாதக்கணக்கோடு எழுதிய அதே கை, இந்த முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் எழுதவில்லை. கேமரனை எவ்வளவு நேசித்தாலும் இதை மன்னித்து விட்டுவிட முடியாது. 1879 ஜனவரியில் அவர் இறந்தார். கல்லறை போகவந்தலாவை செயின்ட் மேரி தேவாலயத்தில் இருக்கிறது.

படங்களைப் பார்க்க லண்டனுக்குப் போகவேண்டியதில்லை. விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் தன்னிடமுள்ள கேமரன் படங்களை இணையத்தில் பெரிய அளவிலேயே வைத்திருக்கிறது. கைபேசியில் பார்க்காதீர்கள், கணினித் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ‘பக்தி’யில் தொடங்கி, அடுத்து அதே வருஷத்து ‘சிலுவையின் நிழல்’, அதன்பின் அந்த ஒன்பது படங்கள். ஒவ்வொன்றிலும் முகத்துக்குப் போவதற்கு முன் குழந்தையின் காலைப் பாருங்கள்.