எலிக்கு மருந்து முதலில், நஞ்சு பிறகு

கீழாநெல்லி மீது யார் ஐயம் எழுப்பினாலும் ப்ளம்பெர்க் பெயரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்றவரே ஒப்புக்கொண்ட மூலிகையாம். அவர் பங்கேற்ற சென்னை ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வந்தது மெய்தான். 30 நாள் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. மருந்தற்ற குளிகை விழுங்கிய 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. மனிதர்களிடம் ஒப்பீட்டோடு செய்த சோதனை, மதிக்கத்தக்கது. 1990இல் தாய்லாந்திலும், பிறகு நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் மதிக்கலாம்.

வைரஸ் கதை இருக்கட்டும். எனக்கு நெடுநாள் வழக்கு எலியோடு.

'கல்லீரல் காக்கும் இலை' என்று வரும் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. விஸ்டார் இன ஆய்வக எலிக்கு ஒரு வாரம் இலைச்சாற்றைப் புகட்டுவார்கள். பிறகு கார்பன் டெட்ராகுளோரைடு கொடுப்பார்கள். கல்லீரல் சேதத்தைக் காட்டும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி நொதிகளை ரத்தத்தில் அளந்து, ஒப்பீட்டு மருந்தான சிலிமரினுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். அடுத்த ஆய்வேட்டில் இலையின் பெயர் மட்டும் மாறும்.

இந்த வரிசையில்தான் கோளாறு. கல்லீரலின் சைட்டோகுரோம் நொதி பிளந்த பிறகே கார்பன் டெட்ராகுளோரைடு செல்சவ்வை அரிக்கும் நஞ்சாகிறது. முன்பே புகட்டிய சாறு அந்த நொதியை மந்தப்படுத்தினால் போதும். நஞ்சு உருவாகாது, எஸ்ஜிபிடி ஏறாது. இதைக் 'கல்லீரல் பாதுகாப்பு' என்று எழுதுவது, தீக்குச்சி நமத்துப்போனதற்குத் தீயணைப்பு வண்டிக்கு மாலை போடுவது போல.

நம் நோயாளி எப்படி வருகிறார்? பல வருடக் குடி, கண்ணில் மஞ்சள், வீங்கிய வயிறு. அவருக்குச் சேதம் முந்தி, சாறு பிந்தி. நஞ்சுக்குப் பின் புகட்டிப் பார்த்த ஆய்வுகளும் உண்டே என்பார்கள். உண்டு. ஒரே வேளை நஞ்சு என்றால் எலியின் கல்லீரல் சில நாட்களில் தானாகவே தேறிவிடும். புகழ் மட்டும் இலைக்குப் போகும்.

அளவையும் பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்றால், உடற்பரப்புக் கணக்குப்படி 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 கிராம். இலை அல்ல, அதிலிருந்து வடித்து வற்றவைத்த சாரம். மோரில் கலக்கும் ஒரு பிடி கீழாநெல்லிக்கும் இதற்கும் என்ன உறவு?

2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டு வந்த 6 பேரைப் பற்றி எழுதினார்கள். சீந்திலும் இதே எலித்தேர்வில் தேறிய மூலிகைதான்.