அரைக் கட்டை இறக்கினால் என்ன?

ஓய்ந்திருந்த பாடகி ஒருவர் அறுபது வயதைத் தாண்டித் திரும்பி வந்து, மற்றவர்கள் பாடிப் பெயர்பெற்ற பாட்டுகளை வைத்து ஓர் ஆல்பம் போடுகிறார் என்றால், நம் ஊரில் எழும் முதல் கேள்வி: “குரல் அப்படியே இருக்கா?” சோல், ஜாஸ் உலகில் இப்படிப்பட்ட ஆல்பங்கள் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை மேடும் பள்ளமும்தான். இரண்டு பாட்டு உயிரை உருக்கும். அடுத்த மூன்று நகரவே நகராது. குரல் தேய்ந்ததுதான் காரணம் என்று விமர்சகர்கள் எழுதிவிடுகிறார்கள். என் காதுக்கு அந்தக் கணக்கு சரியாக வரவில்லை. பாட்டை இன்றைய குரலுக்கு ஏற்றபடி வெட்டித் தைத்தார்களா, பழைய அளவுச் சட்டையையே மாட்டிவிட்டார்களா என்பதில்தான் முக்கால்வாசி இருக்கிறது.

ராபர்ட்டா ஃப்ளாக் இதற்கு நல்ல சோதனைக்களம். அவர் எழுந்ததே பிறர் பாட்டுகளால்தான். 1957-ல் யூவன் மக்கால் எழுதிய சிறிய நாட்டார் பாணிப் பாட்டு ஒன்றை, 1969-ல் தன் முதல் ஆல்பத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டி, சொல்லுக்குச் சொல் மூச்சு விட்டுப் பாடினார். அதற்கும், லோரி லீபர்மன் முதலில் பதிவுசெய்த இன்னொரு பாட்டுக்கும் சேர்த்து 1973, 1974 என அடுத்தடுத்த ஆண்டுகளில் ‘ஆண்டின் சிறந்த இசைப்பதிவு’ கிராமி வாங்கினார். அப்படிப்பட்டவர் பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2012-ல், 75 வயதை நெருங்கும்போது, பெரும்பாலும் பீட்டில்ஸ் பாட்டுகளைப் பாடி ‘லெட் இட் பி ராபர்ட்டா’ வெளியிட்டார். நியூயார்க்கின் டகோட்டா குடியிருப்பில் ஜான் லெனனின் அண்டைவீட்டுக்காரராக இருந்தவர் என்பதால், பாட்டுகளோடு சொந்த உறவும் உண்டு.

ஆனால் கேட்டுப் பாருங்கள். பல பாட்டுகளில் பளபளப்பான, அடைத்து நிரப்பிய ஒலி. மெதுவாகப் பாடுவதையே கலையாக்கியவருக்கு மூச்சு விட இடமில்லை. பின்னணி விலகும் இடங்களில் மட்டும் பழைய ஃப்ளாக் எட்டிப் பார்க்கிறார். கடைசிப் பாட்டு 1972-ல் கார்னகி அரங்கில் அவர் பாடிய நேரடிப் பதிவு. எழுபதைத் தாண்டிய குரலை அவ்வளவு நேரம் கேட்டுவிட்டு, 35 வயதுக் குரலில் முடிகிறது. தயாரிப்பாளர்கள் அதைப் பரிசாக நினைத்திருக்கலாம். எனக்கு அது, புதுக் குரலை நம்பத் தைரியம் வராமல் சேர்த்த ஜாமீன் மாதிரிதான் பட்டது. கேட்பவரும் உடனே ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார்.

ஒப்பிடும் வாய்ப்பையே தராமல் தப்பித்தவர் பில்லி ஹாலிடே. 1958-ல் ‘லேடி இன் சாட்டின்’ பதிவானபோது அவருக்கு 42 வயதுதான். குரலோ எழுபதைத் தொட்டிருந்தது. தான் முன்பு பதிவுசெய்யாத பாட்டுகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். ரே எல்லிஸின் வயலின் கூட்டம் வழவழப்பாக ஓட, அதன்மேல் அந்தக் கரகரப்பு. பதிவின்போது எல்லிஸுக்கே பிடிக்கவில்லை. முடிந்த கலவையைக் கேட்ட பிறகுதான் மனம் மாறினார். இன்றும் அதைக் கேட்கச் சகிக்காதவர்கள் இருக்கிறார்கள். தலையில் வைத்துக் கொண்டாடுபவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி, வயலின்களைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்ற முணுமுணுப்போடு.

இதே கேள்வியோடு இனி பெங்களூருக்கு வருவோம். எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே வாசித்த ‘ஹ்யூமன் பாண்டேஜ்’ ராக் குழுவில் டிரம்ஸ் சென்னையில் பிறந்த ரமேஷ் சோத்தம்; பாட்டு ராதா தாமஸ். ரமேஷ் பிறகு இதே ஊரில் டி.ஏ.எஸ். மணியின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்குஷனில் பயின்று ஜெர்மனிக்குப் போனார். அந்தக் கல்லூரிக் குழு ஆர்.ஏ. ரமாமணியின் குரலோடும், நாதஸ்வரம் கற்ற அமெரிக்க சாக்ஸபோன்காரர் சார்லி மரியானோவோடும் 1983-ல் செய்த ‘ஜோதி’யை, ஜாஸும் கர்நாடக இசையும் சேர்ந்த ஆல்பங்களில் முதல் வரிசையில் வைப்பேன். ரமாமணிக்கு இரவல் பாட்டே தேவைப்படவில்லை.

ராதா தாமஸின் வழி வேறு. நியூயார்க்கில் ஜாஸ் பாடிக் காலம் கழித்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பி, பியானோக்காரர் அமன் மகாஜன் முதலானோரோடு தன் பெயரில் குழு அமைத்தார். முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டான ‘ஐ ஒன்லி ஹேவ் ஐஸ் ஃபார் யூ’, 1934-ல் ‘டேம்ஸ்’ படத்துக்காக ஹாரி வாரன் போட்டது. இந்தப் பாட்டுக்கு ‘ஒரிஜினல்’ யார் பாடியது என்று ஜாஸ் ரசிகர் யாரும் சண்டை போடுவதில்லை. 1959-ல் ஃபிளமிங்கோஸ் குழு அதை அடையாளமே தெரியாமல் மாற்றியது. அதுவும் ஒரு பாடம் என்று சேர்த்துக்கொண்டார்கள். பழம்பாட்டைப் பாடும் ஜாஸ் பாடகிக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. ஆனாலும் தாமஸ் வசதியாகச் சாய்ந்து உட்கார்வது பின்னால் வந்த ‘பேங்களூர் ப்ளூஸ்’ ஆல்பத்தில், சொந்தப் பாட்டுகளில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

திரைப்பாட்டில் அந்தச் சுதந்திரம் கிடையாது. நமக்கு இசைத்தட்டுதான் வேதம். அல்சூர் திருவிழா மேடையில் ஆர்க்கெஸ்ட்ரா பாடகிக்குக் கிடைக்கும் உச்சப் பாராட்டு, “கேசட்ல கேட்ட மாதிரியே இருந்துச்சு” என்பதே. இருபது வயதுப் பெண்ணுக்கு அது சரி. எழுபது வயதில் மேடையேறும் அசல் பாடகியிடமும் அதையே கேட்கிறோம். அவருக்கும் அதே மைனஸ் ட்ராக், அதே சுருதி. ஐந்தரைக் கட்டையில் பாடியவர் நாலரைக்கு இறங்கினால் அவமானம் என்று எந்த இசை இலக்கணம் சொன்னது?

எல்.ஆர். ஈஸ்வரிக்கு நடந்தது இதிலிருந்து கொஞ்சம் விலகியது. 2011-ல் ‘ஒஸ்தி’ படத்தில் தமன் அவரை டி. ராஜேந்தரோடு பாடவைத்தார். பாட்டு புதிது, ஆனால் கேட்டது அவருடைய பழைய துள்ளலைத்தான். எழுபதைத் தாண்டியும் அதைக் கொடுத்தார், ஊரே ஆடியது. ஆனால் ‘வெள்ளி விழா’ (1972) படத்தில் வி. குமார் இசையில் மைக்குக்குப் பக்கத்தில் கிசுகிசுத்த அந்த ஈஸ்வரியைத் தேடி யாரும் போகவில்லை. வயதானால் கூடுதலாகக் கனியக்கூடியது அந்தக் கிசுகிசுப்புதான்.

உஷா உதுப் மட்டும் இந்தச் சிக்கலில் மாட்டவே இல்லை. குரல் பொருந்தவில்லை என்று பள்ளியின் பாட்டு வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டவர், மவுண்ட் ரோடு ‘நைன் ஜெம்ஸ்’ விடுதியில் புடவையோடு பிறர் பாட்டுகளைப் பாடித் தொடங்கினார். தொடக்கமே கீழ்ச்சுருதி, இழப்பதற்கு மேல்ஸ்தாயி இல்லை. எழுபத்தைந்தைத் தாண்டி கல்கத்தா டிரிங்காஸ் உணவகத்தில் மைலி சைரஸின் பாட்டைப் பாடியபோதும் அதைத் தன் பாட்டாக்கிவிட்டார்.

‘அப்படியே பாடு’ என்ற ரசிகர் பிடிவாதத்துக்குச் சட்டமும் துணைக்கு நிற்கிறது. 2012 திருத்தத்தில் வந்த பதிப்புரிமைச் சட்டப் பிரிவு 31சி-யின்படி, ஒரு பாட்டின் முதல் பதிவு உருவான ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் கழிந்தால், உரிமத்தொகை கட்டி யாரும் அதை மறுபதிவு செய்யலாம். ஆனால் உரிமையாளர் சம்மதமின்றி, தொழில்நுட்ப ரீதியில் அவசியமல்லாத எந்த மாற்றமும் செய்யக்கூடாது. அமெரிக்கச் சட்டமோ அடிப்படை மெட்டு சிதையாதவரை, பாடுபவரின் பாணிக்கேற்பப் பாட்டை வளைத்துக்கொள்ள வெளிப்படையாகவே இடம் தருகிறது. இங்கே ஒரு பாட்டுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமத்தொகையும் கட்டவேண்டும். பெங்களூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில், ஒற்றைப் பியானோ துணையோடு பத்துப் பழம்பாட்டுகளை நிதானமாகப் பதிவுசெய்ய நினைக்கும் மூத்த பாடகி, மைக்குக்கு முன் நிற்பதற்கு முன்னால் ஒரு வக்கீலைத்தான் பார்க்கவேண்டியிருக்கும்.