நெஞ்சமும் அறிவும்: நற்றிணை 284ஆம் பாட்டைப் பற்றிய ஓர் ஆய்வு

நற்றிணையின் 284ஆம் பாட்டு பாலைத்திணையைச் சார்ந்தது. பொருள்வயிற் பிரிந்த தலைமகன், எடுத்த வினை முடியாத நிலையில், ஆற்றானாகிக் கூறும் கூற்றாக அஃது அமைந்துள்ளது. நெஞ்சம் ஒருபுறமும் அறிவு மறுபுறமும் ஈர்க்க, இடைப்பட்ட தன் உடம்பு அழிந்தொழியுமோ என அவன் அஞ்சுகின்றான். இரண்டு யானைகள் எதிரெதிர் நின்று இழுக்கும், புரி தேய்ந்த பழங்கயிற்றை அவன் தன் உடம்பிற்கு உவமையாக்குகின்றான். பாடிய புலவரின் இயற்பெயர் மறைய, செம்புலப்பெயல்நீரார்க்குப் போல இவர்க்கும் உவமையே பெயராயிற்று. தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றே இவரை அறிகின்றோம்.

இப்பாட்டினை உணர்ச்சிக்கும் அறிவுக்கும் நிகழும் போர் எனக் கொண்டு, நெஞ்சத்தைப் பேதையாகவும் அறிவை ஆசானாகவும் வைத்து விளக்குதல் வகுப்பறைகளில் பெருவழக்கு. அவ்விளக்கம் பாட்டின் சொல்லமைதிக்கு ஒக்குமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இருவர் உரையையும் நோக்குவோம். தலைவியின் கூந்தலையும் கண்ணையும் நினைந்த நெஞ்சம், அவள் துயரைத் தீர்ப்போம், செல்வோம் என்கின்றது. இது வெறும் வேட்கையின் அரற்று அன்று. ஒருவர் துன்பம் நீக்குதலாகிய பயன் அதன்கண் கூறப்பட்டுள்ளது. பயன் கூறி ஒரு செயலை வற்புறுத்துதல் அறிவின் நெறியன்றோ? இனி அறிவு கூறுவது யாது? வினையை இடையில் விட்டு மீளுதல் அறியாமையோடு இளிவையும் தரும் என்கின்றது. இளிவரல் தொல்காப்பியர் எண்ணிய மெய்ப்பாடு எட்டனுள் ஒன்று. நாணத்தக்க அவ்வுணர்வினைக் காட்டியே அறிவு தலைவனைத் தடுக்கின்றது. எனவே, நெஞ்சம் காரணங் காட்டிப் பேசுகின்றது. அறிவு உணர்ச்சியைத் தொட்டுப் பேசுகின்றது. இவ்விரண்டனையும் ஒன்றற்கொன்று முழுப்பகை என்று கொள்ளுதற்குப் பாட்டு இடந்தரவில்லை.

உவமையும் இதனையே வலியுறுத்துகின்றது. அறிவே ஆளுவது, நெஞ்சம் அடங்குவது என்பது புலவர் கருத்தாயின், நெஞ்சத்தை யானையாகவும் அறிவைப் பாகனாகவும் அவர் கூறியிருத்தல் வேண்டும். அத்தகைய உருவகம் தமிழுக்குப் புதிதன்று. நீத்தார் பெருமையில் வள்ளுவர் உரனைத் தோட்டியாக்கி ஐம்பொறிகளை அதனால் காத்தற்குரியன ஆக்கினார். ஆயின் அது துறவு நோக்கியோன் நிலை. இல்லறத்தானாகிய தலைமகனுக்குத் தலைவிபால் உள்ள அன்பும் கடமை. மேற்கொண்ட வினையும் கடமை. ஆகலின் நற்றிணைப் புலவர் பாகனையும் தோட்டியையும் விலக்கி, இரண்டனையும் களிறாகவே வைத்தார். இரண்டும் ஒரே இனம்; வலியும் ஒன்றே.

அவ்வாறாயின் இருவர்க்கும் உள்ள மாறுபாடுதான் யாது? அறிவின் முடிவுரையைக் கூர்ந்து நோக்குக. செல்லற்க என்று அது கூறவில்லை. மிக விரையற்க என்றே கூறுகின்றது. தலைவிபால் மீளுதல் அதற்கும் உடன்பாடே. வழக்கு, செல்லுதலா செல்லாமையா என்பது பற்றியதன்று; எப்பொழுது செல்லுதல் என்பது பற்றியதே. அன்றியும், அறிவின் செயலைக் குறிக்கத் தூக்குதல், தூங்குதல் என்னும் வினைகளைப் புலவர் ஆண்டுள்ளார். நன்மையை நிறுத்துப் பார்த்தலும், அதன்பொருட்டுத் தாழ்த்தலும் அவற்றின் பொருள். நிறுத்தற்கு வேண்டும் காலத்தைப் பெற்றுத் தருதலே அறிவின் தொழில் என்பது இதனாற் போதரும்.

அக்காலம் வாயாதவிடத்து நேரும் கேட்டினைச் சிலப்பதிகாரக் கொலைக்களக் காதை காட்டுகின்றது. தலைநோய் என்று கூறி ஊடிச் சென்ற தேவியை நாடிப் பாண்டியன் செல்லும் வழியிலேயே பொற்கொல்லன் எதிர்ப்படுகின்றான். சிலம்பு கள்வன் கையதாயின் என்னும் நிபந்தனையோடுதான் அரசன் ஆணை பிறக்கின்றது. அறிவு முற்றும் இல்லாதவன் அந்நிபந்தனையையும் கூறியிரான். இல்லாதது அறிவன்று; உசாவுதற்குரிய இடைவெளியே. வழக்குரை காதையில் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பின்னர் அவன் உண்மையைத் தெளிந்தான். அதற்குள் கோவலன் உயிர் போயிற்று.

அக்கொலைக்களத்திலேயே இன்னும் நுண்ணிய செய்தியொன்று உளது. கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என அவன் தோற்றத்தாலேயே உணர்கின்றனர். அவ்வுணர்வு மெய். பொற்கொல்லனோ களவு நூலை விரித்து, மந்திரம் முதலாகிய துணைகளை வரிசையாக எண்ணி, அவர் ஐயத்தை நகையாடுகின்றான். வாதம் செறிவுடையது, முடிவோ பொய். பின்னர்க் கல்லாக் களிமகன் ஒருவன் வாளெறிகின்றான். மெய்யான உணர்வு ஒன்று பொய்யான தருக்கத்தால் வாய்மூடப்பட்ட இடம் இது. அறிவென்னும் பெயரால் வருவன எல்லாம் அறிவல்ல என்பதனை இளங்கோவடிகள் உரையாமல் உணர்த்துகின்றார்.

விரையாமை ஒன்றே அறிவாயின் சோம்பலும் அறிவாய்விடுமே என வினவலாம். வினைசெயல்வகையில் வள்ளுவர் இதற்கு விடை வைத்தார்: தாழ்த்துச் செய்தற்குரியதனைத் தாழ்த்தே செய்க, தாழாது செய்தற்குரியதனைத் தாழ்த்தற்க. எது எவ்வகையினது என்று பிரித்தறிதற்கு உணர்வின் துணை வேண்டும். பிற உயிரின் நோயைத் தன் நோய்போற் காவாதவிடத்து அறிவினால் ஆகும் பயன் யாது என இன்னா செய்யாமையில் அவர் வினவுகின்றார். கண்ணோட்டத்திலோ, கருமம் சிதையாமல் கண்ணோட வல்லாரையே உலகிற்கு உரியவராக்குகின்றார். முன்னது அறிவிற்கு உணர்வு கூறும் எல்லை. பின்னது உணர்விற்கு அறிவு கூறும் எல்லை.

இம்மூன்று நூல்களையும் ஒருங்கு வைத்து நோக்குங்கால், தமிழ் மரபில் நல்ல துணிபு என்பது நெஞ்சத்தை அறிவு வென்று பெறுவதன்று என்பது தெளிவாம். நெஞ்சம் எதனைச் செய்யத்தக்கது என்று காட்ட, அறிவு எப்பொழுது, எவ்வளவு என்று நிறுப்பதே அது. நற்றிணைத் தலைவன் இன்னது செய்தான் என்று புலவர் முடித்துக் கூறவில்லை. முடிவுக்கு முன்னே உள்ள காலத்தைப் பாடிய அவர், அக்காலத்தின் விலையையும் மறைத்தாரல்லர்: நிறுத்துப் பார்ப்பவனுடைய உடம்பே கயிறாகித் தேய்கின்றது. பாண்டியன் அவ்விலையைத் தான் கொடாது ஒழிந்தான். அதனைக் கோவலன் தன் உயிராற் கொடுத்தான். ஆதலின் இப்பாட்டினை ஆற்றாமைப் பாட்டு என்னும் அளவில் நிறுத்தாது, துணிபு பிறக்கும் வகையைப் பாடிய பாட்டாகவும் கற்பித்தல் தகும் என்பது எம் கருத்து.