கத்தரி கொண்டுவரும் பருவம்

மாமரம் பருவத்துக்குக் காத்திருக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக்கொடி கத்தரிக்கோலுக்குக் காத்திருக்கும். ஐரோப்பிய மலைச்சரிவுகளில் குளிர்காலம் கொடியை உறங்க வைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அந்த உறக்கம் இல்லை. கவாத்து செய்பவரே பருவத்தை உண்டாக்குகிறார். முதிர்ந்த கிளையில் சில கணுக்களை மட்டும் விட்டு வெட்டினால், மொட்டு துளிர்த்து, ஏறக்குறைய நாலு மாதத்தில் பந்தலடியில் கருநீலக் கொத்துகள் தொங்கும். தோட்டத்துக்குத் தோட்டம் நாள் மாற்றி வெட்டுவதால் ஆண்டு முழுக்க அறுவடை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பெருமையில் மண்ணோடு கவாத்து செய்யும் கைக்கும் பங்குண்டு.

இந்தப் பழத்தில் விதை இருக்கிறதே, தோல் மெல்லியதே, நெடும்பயணம் தாங்காதே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒயினுக்கும் சாற்றுக்கும் மணமே முக்கியம், விதை தடையல்ல. எந்த மாதமும் பறிக்க முடிகிற பழத்தைக் கிடங்கில் அடைத்துவைக்கும் தேவையும் குறைவு.